அடிக்குறிப்பு நாற்பத்தொன்று

மார்ச் 4, செவ்வாய்

இந்த மின்பாதையைப் போடாமலே விட்டுவிட்டால் என்ன ஆகும்? எனக்குத் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் இதற்கு நான்கு பக்கத்தில் பதில் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை என்றால் 'மாற்று வழிகள்' என்று ஓர் அத்தியாயம் கட்டாயம். அதற்குள் 'ஒன்றும் செய்யாதிருத்தல்' என்று ஒரு பிரிவு. பத்து வருஷத்தில் ஊர் எவ்வளவு வளரும், எத்தனை வீட்டில் ஏசி வாங்குவார்கள், எந்தக் கோடையில் எந்த மின்மாற்றி படுத்துக்கொள்ளும் என்று ஜோசியம் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஆறு வருஷம் சதுப்புநிலப் பறவைகளைப் பற்றிப் படித்தவளுக்கு வாய்த்த வேலை இது. இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறேன். ஜோசியம் மட்டும் இன்னும் கைவரவில்லை.

மாலையில் தங்கையிடம் பேசினேன். சிறுநீரகப் பிரிவில், டயாலிசிஸ் வார்டில் நர்ஸாக இருக்கிறாள். "கரண்ட் போனா ஜெனரேட்டர் புடிக்கிற வரைக்கும் மெஷினக் கையாலதான் சுத்துறோம்க்கா. ரத்தம் வெளில நிக்குதுல்ல. போன வாரம் மட்டும் மூணு தடவை. தோள்பட்டை கழண்டு போச்சு. நீ என்னடான்னா போடலாமா வேணாமான்னு எழுதிட்டே இருக்க."

எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன். இரண்டரை வருஷமாக.

மார்ச் 5, புதன்

கூட்டம். இந்த அறிக்கையை எங்களிடம் எழுதக் கொடுத்திருக்கும் மின் நிறுவனத்தின் பொறியாளர் வந்திருந்தார். நானும் அலுவலகத்து வரைபடக்காரியும் அவருக்கு 'தாங்காது' என்று பெயர் வைத்திருக்கிறோம். பூமிக்கடியில் கேபிள் போட்டால்? செலவு தாங்காது. வழியில் இருக்கும் சதுப்பைச் சுற்றிப் போனால்? நாள் தாங்காது. பழைய மின்பாதைக் கோபுரங்களிலேயே இன்னொரு வரிசைக் கம்பி இழுத்தால்? கோபுரம் தாங்காது. இன்னொரு காபி சொல்லட்டுமா என்று வரைபடக்காரி கேட்டதற்கு, "வேணாம்மா, வயிறு தாங்காது" என்றார். அவள் பேனாவைத் தேடுகிற சாக்கில் மேசைக்கடியில் குனிந்துகொண்டாள். நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்காதவள் என்று பெயர் எடுத்திருக்கிறேன், அது சில சமயம் உதவுகிறது.

ஆக, புதிய பாதைதான். அறுபத்து மூன்று வீடுகள் போகும். சதுப்பின் கிழக்கு ஓரமும் கொஞ்சம் போகும். பொதுமக்கள் கருத்துச் சொல்ல 20ஆம் தேதி வரை நேரம். 28ஆம் தேதி இறுதி அறிக்கை. மாற்று வழிகள் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில், "இதைத் தவிர இயலக்கூடிய வேறு வழி இல்லை" என்ற வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

வந்த ஒவ்வொரு கருத்துக்கும் அறிக்கையில் பதில் இருக்க வேண்டும் என்பது விதி. இதுவரை வந்ததில் நானூற்றுப் பன்னிரண்டு ஒரே மாதிரி மனு. "எல்லாத்துக்கும் சேத்து ஒரே பதில்," என்றார் மேலாளர். "ஒரு குக்கர், ஒரு விசில்."

மார்ச் 7, வெள்ளி

நான்கு பக்க ஜோசியத்தைக் கொடுத்துவிட்டேன்.

மனுக்கள் எல்லாம் ஒரே அச்சுத்தாள். "புதிய மின்பாதை எங்களுக்கு வேண்டாம்", கீழே பெயர், போன் நம்பர், கையெழுத்து. ஸ்கேன் செய்த கோப்பில் பாதிக் கையெழுத்து ஒரே கை போட்டது போலத் தெரிந்தது. எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. மனுக்களையும் எங்கள் அறிக்கையையும் வாங்கிப் பரிசீலிக்கிற மறுஆய்வு அலுவலகத்துக்குப் போய் அசலைக் கேட்டேன்.

பதிவு எழுத்தர் முத்திரைக் கட்டைகளை உயர வரிசையில் நிறுத்தி வைத்திருக்கிறார். "ஸ்கேன்ல எல்லாமே இருக்கே. அசல் எதுக்கு?"

"கையெழுத்தப் பாக்கணும்."

"ஒருத்தரே போட்டிருந்தா என்ன பண்ணுவீங்க, கைய எடுத்துருவீங்களா?"

இரண்டு மணி நேரம் பார்த்தேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு சாயல், அவ்வளவுதான். என் சந்தேகம் வீண். தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்று கவிழ்ந்து விழுந்தது. பின்பக்கம் முழுக்க நீல மையில் நெருக்கி எழுதியிருந்தது.

ஸ்கேன் செய்தவர்கள் முன்பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறார்கள். அச்சுத்தாளுக்குப் பின்னால் என்ன இருக்கப் போகிறது? நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மார்ச் 10, திங்கள்

அந்தப் பின்பக்கத்தை நகல் எடுத்து வந்தேன். இங்கேயும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

"நான் ஓய்வுபெற்ற லைன்மேன். பழைய மின்பாதையில் கம்பி இழுத்தவன். ஒன்றாம் நம்பர் கோபுரத்திலிருந்து நாற்பதாம் நம்பர் வரை இரண்டு பக்கமும் கை இருக்கிறது. ஒரு பக்கம்தான் கம்பி. மறுபக்கத்தைப் பிற்காலத்துக்கு என்று விட்டார்கள். பிற்காலம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதைப் பார்க்காமல் எதற்கு வீட்டை இடிக்கிறீர்கள்."

எங்கள் அறிக்கையில் இதற்கு ஒரு வரி இருக்கிறது: "பழைய கோபுரங்களில் இரண்டாவது கம்பி வரிசை அமைப்பது ஆராயப்பட்டு, கோபுரங்களின் தாங்குதிறன் போதாமையால் கைவிடப்பட்டது." வரி முடிவில் அடிக்குறிப்பு 41. அந்த வரியை இருபது முறையாவது படித்திருப்பேன். கோபுரத்தின் ஒரு கை காலி என்று எங்கும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மார்ச் 11, செவ்வாய்

மேலாளரிடம் காட்டினேன்.

"நாலு வரி எழுதிப் போடுங்க மேடம். கருத்துக்கு நன்றி, இது ஏற்கனவே ஆராயப்பட்டது, அடிக்குறிப்பு நாப்பத்தொண்ணு பாக்கவும்."

"அந்த அடிக்குறிப்ப நம்மள்ல யாரு பாத்தா?"

"யாரும் பாக்கக் கூடாதுன்னுதான அடியில போடுறோம்."

அவரே சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கலாம்.

மார்ச் 13, வியாழன்

வரைபடக்காரியின் காரில் பழைய பாதைக்குப் போனோம். லைன்மேனுக்குப் போன் செய்திருந்தேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஸ்கூட்டரில் எங்களுக்கு முன்னே வந்து ஏழாம் நம்பர் கோபுரத்தடியில் நின்றிருந்தார். அண்ணாந்து பார்த்தேன். ஒரு பக்கத்தில் மூன்று கம்பிகள். மறுபக்கத்தில் மூன்று கைகள் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன. இந்தச் சாலையில் நூறு தடவை போயிருக்கிறேன்.

"நாப்பது வரைக்கும் இப்படித்தான். ஆத்துக்கு அப்பறம் ஒம்பது கோபுரம் வேற மாதிரி. அத மாத்தித்தான் ஆகணும். நான் பொய் சொல்ல மாட்டேன்."

"இத மனுவுல எழுதலையே?"

"தாள்ல இடம் முடிஞ்சு போச்சு."

"இன்னொரு வரிசைக் கம்பிய இது தாங்குமா?"

"நான் நின்னு தூக்கின இரும்பும்மா. தாங்கும்."

"உங்க வீடும் புதுப் பாதையில வருதா?"

"என் வீடு வரல. பொண்ணு வீடு போகுது. செவுத்துல சிவப்புப் பெயிண்ட்ல முப்பத்தெட்டுன்னு போட்டுட்டுப் போயிட்டாங்க. அது கண்ணுல படக் கூடாதுன்னு அவ அதுக்கு முன்னாடியேதான் துணி காயப் போடுறா. வெயிலே வராத இடம். துணி காயவே காயாது."

"அப்ப உங்களுக்கு இதுல சொந்தக் காரியம் இருக்கு."

"இல்லாம? பொழுது போகாமயா பின்பக்கம் எழுதினேன்?"

வரைபடக்காரி குறுக்கே விழுந்தாள். "தப்பா நெனைக்காதீங்கய்யா. இவ இப்படித்தான். சாமியே நேர்ல வந்தாலும் அடையாள அட்டை கேப்பா."

திரும்பும் வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது. ஒருவர் தாங்கும் என்கிறார், ஒருவர் தாங்காது என்கிறார். இரண்டும் வாய்வார்த்தை. யாராவது ஏறி, அளந்து, கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதியிருக்க வேண்டும் அல்லவா? அந்தத் தாளைத்தான் நான் பார்க்க வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

அடிக்குறிப்பு 41: "மின் நிறுவனத்தின் தொழில்நுட்பக் குறிப்பு, பக்கம் 6."

அந்தக் குறிப்பை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். மூன்று மணிக்கு வந்தது. பக்கம் 6: "கோபுரங்களின் தாங்குதிறன் போதாது. ஆதாரம்: முதற்கட்ட ஆய்வறிக்கை, பக்கம் 27."

முதற்கட்ட ஆய்வறிக்கை எங்களுடையது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தது. பக்கம் 27ஐ எழுதியது நான்.

பக்கம் 27: "பழைய கோபுரங்கள் கூடுதல் கம்பிகளின் பாரத்தைத் தாங்க மாட்டா. ஆதாரம்: பொறியாளருடன் கலந்துரையாடல்."

அதாவது நான் அவரைக் காட்டியிருக்கிறேன், அவர் என்னைக் காட்டியிருக்கிறார், இப்போது நான் மறுபடி அவரைக் காட்டுகிறேன். இந்தச் சுற்றில் ஒருத்தர்கூட கோபுரத்துப் பக்கம் போகவில்லை.

சே.

மார்ச் 15, சனி

அந்தக் கலந்துரையாடலில் அவர் என்னதான் சொன்னார்? பழைய நோட்டுகள் பரண்மேல் பெட்டியில் இருக்கின்றன. என் கணவர் முக்காலியைப் பிடித்துக்கொண்டார். "நாப்பத்தெட்டு வயசுல பரண்ல ஏறுறவள இப்பத்தான் பாக்குறேன். கால் போச்சுன்னா நான் பொறுப்பில்ல."

கிடைத்தது. என் கையெழுத்துதான், பென்சிலில், அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்:

"பழைய கோபுரம் — தாங்காதுன்னு நினைக்கிறேன், பாக்கணும்."

நினைக்கிறேன். பாக்கணும்.

இந்த இரண்டு சொல்லையும் அறிக்கையில் எடுத்துவிட்டிருக்கிறேன். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் இல்லை. ஆனால் என்னை எனக்குத் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களின் வரைவைத் திருத்தும்போது 'என்று நினைக்கிறேன்' எங்கே கண்டாலும் சிவப்பு மையில் அடிப்பேன். நினைக்கிறதெல்லாம் வேண்டாம், தெரிந்ததை எழுதுங்கள் என்பேன். என்னிடம் பயின்றவர்கள் இதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள் என்றும் தெரியும்.

ஒருவர் நினைத்ததை, தெரிந்தது ஆக்கியிருக்கிறேன். அடித்தது நான்தான்.

நானூற்றுப் பன்னிரண்டு பேருடைய கையெழுத்தைச் சந்தேகப்பட்டு அலுவலகம் வரை போனேன்.

மார்ச் 16, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

முதலில் பொறியாளருக்குப் போன் செய்தேன். நோட்டில் இருந்ததைப் படித்துக் காட்டினேன்.

"நான் பாக்கத்தான் மேடம் இருந்தேன். கோபுரத்துல ஏற ஆளு கேட்டு எழுதிக்கூடப் போட்டேன். அதுக்குள்ள உங்க முதற்கட்ட ரிப்போர்ட் வந்துருச்சு. ரிப்போர்ட்லயே தாங்காதுன்னு இருக்கு, அப்பறம் எதுக்குய்யா ஏறுறேன்னு மேல கேட்டாங்க. சரின்னு விட்டுட்டேன்."

நான் எழுதியதால்தான் அவர் பார்க்கவில்லை. பார்க்காததை நான் ஆதாரமாகப் போட்டிருக்கிறேன்.

பிறகு மேலாளர். கதவைச் சாத்திவிட்டு நோட்டை மேசையில் வைத்தேன். இரண்டு முறை படித்தார்.

"நோட்டுல என்ன இருக்குன்னு யாரும் கேக்கலையே மேடம்."

"நான் கேக்குறேன்."

"சரி, கோபுரம் நெஜமாவே தாங்காதுன்னு வச்சுக்குவோம். அப்ப நீங்க எழுதினது சரிதான? இப்ப இதத் தெறந்தா எட்டு மாசம் தள்ளும். எட்டு மாசம் கழிச்சு அதே வரியத்தான் திரும்ப எழுதப் போறீங்க."

"எழுதலாம். அப்ப பாத்துட்டு எழுதுவேன்."

"இந்த அறிக்கை முடியட்டும். கட்டுறப்ப பாத்துக்கலாம்."

கட்டும்போது என்றால், வீடுகளை இடித்த பிறகு. இதைச் சொன்னேன். ஜன்னலைப் பார்த்தார். "28ஆம் தேதி நீங்க கையெழுத்துப் போடலன்னா வேற ஒருத்தர் போடுவாங்க," என்றார். மிரட்டுகிற குரல் இல்லை, களைத்த குரல். எனக்கு மிரட்டலே மேல்.

மார்ச் 18, செவ்வாய்

இவர் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார். நான் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "தப்பாப் போட்டா அழிக்காத, அடிச்சுட்டுப் பக்கத்துலயே திருத்தி எழுதுன்னு பசங்களுக்குச் சொல்லுவேன்," என்று ஆரம்பித்தார்.

"நான் ஒண்ணும் எட்டாங்கிளாஸ் இல்ல."

"ஆமா. அவங்கன்னா உடனே ஒத்துக்குவாங்க."

எழுந்து போய்விட்டேன். என்ன தெரியும் இவருக்கு? அடிச்சுட்டு எழுத அது என் நோட்டா? அச்சாகி, பைண்டு ஆகி, பத்து அலுவலகத்துல அலமாரியில உக்காந்திருக்கு. யார் யாரோ அதப் பாத்து எழுதிட்டாங்க. எத்தன இடத்துல போய் அடிக்கிறது? ஒத்துக்க மாட்டேன்னு எப்ப சொன்னேன்? ஒத்துக்கிட்டேன். ரெண்டு பேர்கிட்டயும் நேர்ல ஒத்துக்கிட்டேன். ஒத்துக்கிட்டா மட்டும் என்ன ஆச்சு? கதவச் சாத்திட்டுச் சொன்னது கதவுக்குள்ளயே கெடக்கு.

மார்ச் 19, புதன்

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மாதம் தள்ளலாம் என்றும் சொன்னேன்.

"எட்டு மாசம்னா இந்தக் கோடை முழுசும்."

"ஆமா."

"தப்பு பண்ணது நீ. கை வலி எனக்கு."

"ஆமா. நான் என்ன பண்ணட்டும்?"

"என்கிட்ட கேக்காதக்கா. சொல்லாதன்னா அந்த அறுபத்து மூணு வீட்டு மேல ஏறி நிக்கிற மாதிரி. சொல்லுன்னா என் வார்டுல படுத்திருக்கிறவங்க மேல ஏறி நிக்கிற மாதிரி. உன் வேலைய என் தலையில கட்டாத." வைத்துவிட்டாள். ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டு, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் சொல்வது நியாயம். ஆனால் அவளுடைய வார்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அது எந்த வழியாக வர வேண்டும் என்பதைத்தான் யாரும் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதியவள் நான். இதில் யோசிக்க இவ்வளவு நாள் ஏன்?

மார்ச் 20, வியாழன்

கருத்துச் சொல்லக் கடைசி நாள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மறுஆய்வு அலுவலகத்துக்குப் போனேன். ஒன்றரைப் பக்கக் கடிதம். பக்கம் 27இல் உள்ள வரி என்னுடையது, அதற்கு ஆதாரம் இல்லை, தொழில்நுட்பக் குறிப்பும் அடிக்குறிப்பு 41உம் அந்த வரியையே நம்பி நிற்கின்றன, கோபுரங்கள் ஒருபோதும் சோதிக்கப்படவில்லை. நோட்டுப் பக்கத்தின் நகல். லைன்மேன் எழுதிய பின்பக்கத்தின் நகல். கோபுரம் தாங்கும் என்று எங்கும் எழுதவில்லை. எனக்கு அது தெரியாது.

எழுத்தர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "யார் மேல புகார்?" என்றார்.

"என் மேல."

இப்போது ஒழுங்காகப் படித்தார். "உங்க மேல நீங்களே குடுக்குறதுக்கு எங்ககிட்ட படிவம் கெடையாதும்மா. பொதுமக்கள் கருத்துன்னு வேணும்னா பதிஞ்சுக்கலாம். நீங்க பொதுமக்கள்தான?"

"மத்தியானம் வரைக்கும் விடுப்புல இருக்கேன். அதனால, ஆமா."

"அப்ப சரி." நடுக் கட்டையை எடுத்துக் குத்தினார். கருத்து எண் 431. "பதில் குடுக்காம இறுதி அறிக்கைய இங்க வாங்க மாட்டோம். தெரியும்ல?"

தெரியும். அதற்குத்தான் வந்தேன்.

கருத்துகளின் பட்டியல் நாளைக் காலை எங்கள் அலுவலகத்துக்கு வரும். மேலாளர் கூப்பிடுவார். கத்துவார். முதுகில் குத்திவிட்டதாகச் சொல்வார். நான் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டேன். பொறியாளர் என்னோடு இனிப் பேச மாட்டார். திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்குமா என்று தெரியவில்லை. வாக்கியங்களைச் சீராக அடுக்கி வைத்திருக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

யாரும் கத்தவில்லை.

மேலாளர் ஒன்பதரைக்கு வந்தார், பட்டியலைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டார். பதினொரு மணிக்கு வரைபடக்காரி ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எந்தக் கருத்துக்கு யார் பதில் எழுதுவது என்ற பட்டியல். என் பெயர் எல்லா வரிசையிலும் அடிக்கப்பட்டிருந்தது. திங்கள் முதல் எனக்குக் கல்குவாரித் தூசி அறிக்கை. 431க்கு நேராக: மின் நிறுவனப் பொறியாளர்.

மதியம் மேலாளரை நடையில் பார்த்தேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்," என்றார்.

"திங்கக்கிழமை சொன்னேன்."

"எழுத்துல சொல்லலையே."

ஒத்திகை பார்த்த வாக்கியம் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

மூன்றரை மணிக்குப் பொறியாளர் கூப்பிட்டார். கோபமா இல்லையா என்று குரலில் தெரியவில்லை. "431 எனக்கு வந்திருக்கு. பதிலுக்கு ஆதாரம் போடணும். உங்க ரிப்போர்ட்டப் போட முடியாது. என் குறிப்பையும் போட முடியாது."

"முடியாது."

"அப்ப ஏறித்தான் பாக்கணும். திங்கக்கிழமை ஆளு வருது, ஒண்ணாம் நம்பர்லேர்ந்து ஆரம்பிக்கிறோம். ரெண்டு மாசம் ஆகும், மூணும் ஆகலாம்." பிறகு, போனை வைக்கப் போகிறவர் போல இழுத்துவிட்டு, "அந்த லைன்மேன் வருவாரா? எந்தக் கோபுரத்துல எந்தப் படி துருப்பிடிச்சுப் போயிருக்குன்னு இப்ப எங்ககிட்ட இருக்கிற யாருக்கும் தெரியாது," என்றார்.

லைன்மேனுக்குப் போன் செய்தேன். மகள்தான் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். இதனால் வீடு தப்பிக்கும் என்று அர்த்தம் இல்லை என்பதையும் சொன்னேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. போனைப் பொத்தாமலே உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். பிறகு, "எத்தன மணிக்குன்னு அப்பா கேக்குறாரு," என்றாள்.

ஏழு மணி என்றேன்.

"ஆறரைக்கே வந்து நிப்பாராம்."

கிளம்பும்போது நடையில் இருந்த பலகையைப் பார்த்தேன். '28 — இறுதி அறிக்கை' என்றிருந்ததை யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள். வேறு தேதி எழுதவில்லை.